ட்ரெயிலர் பிளக் சூடாகி உருகினால்: காரணம் கண்டு சரிசெய்யும் முறை

வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்குகள் தொடங்கி ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தம் வரையிலும், அதே மாதங்களில் பாசிக்குடா, அறுகம்குடா கடற்கரைகளிலும் உணவு விற்பதற்காக, கெப் வண்டியின் பின்னால் குளிர்பெட்டியுடன் கூடிய ட்ரெயிலரை இழுத்துச் செல்வோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வாகனத்தையும் ட்ரெயிலரையும் இணைக்கும் ஏழு முனைப் பிளக் சூடாகி, ஒரு முனையைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் பழுப்பேறி, பின்னர் இளகிப் போவதே இத்தகைய ட்ரெயிலர்களில் அடிக்கடி ஏற்படும் மின் கோளாறாகும். எங்கள் ட்ரெயிலரிலும் இதுவே நடந்தது. போன இடமெல்லாம் "பிளக்கை மாற்றினால் சரி" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது; மாற்றிய பிளக்கும் உருகியது. பிளக் உருகுவது விளைவு மட்டுமே என்பதையும், காரணம் அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு கீழுள்ள படிகளை வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. முதலில் செய்ய வேண்டியவை

ஓடிக்கொண்டிருக்கும்போது பிளாஸ்ரிக் கருகும் வாசனை வந்தால், வாகனத்தை ஓரங்கட்டி, இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் இளகி ஒட்டிக்கொண்டிருந்தால் பலமாக இழுக்க வேண்டாம். வாகனத்தின் பொனற்றைத் திறந்து பற்றரியின் மறை (மைனஸ்) முனையைக் கழற்றுங்கள். உணவு ட்ரெயிலரில் காஸ் சிலிண்டர் இருக்கும் என்பதால், அதன் வால்வையும் உடனே மூடிவிட வேண்டும். உண்மையில், ஓட்டத்தின்போது அந்த வால்வு திறந்திருக்கவே கூடாது. தீ பிடித்தால் தண்ணீரை நாடாமல் உலர்தூள் தீயணைப்பானைப் பயன்படுத்துங்கள்.

ட்ரெயிலருக்குள் தனிப் பற்றரி இருக்குமானால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தப் பற்றரியின் மின்சாரம் பிளக்கின் முனைகளில் நிற்கக்கூடும். 12 வோல்ற் ஆளைத் தாக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த முனைகள் இரும்பில் பட்டால் வயர் சிவந்து எரியும் அளவுக்குப் பற்றரி மின்சாரத்தைக் கொட்டும். ஆகவே வேலையைத் தொடங்குவதற்கு முன் இரண்டு பற்றரிகளின் மறை முனைகளையும் கழற்ற வேண்டும்.

2. எந்த முனை கருகியது என்று பார்த்தல்

கருகிய பிளக்கை எறிந்துவிடாதீர்கள். எந்த முனை கருகியிருக்கிறது என்பதே காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கான முதல் தடயம். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்விளக்குகளுக்கான கறுப்புநிற ஏழு முனைப் பிளக்கில், பன்னாட்டுத் தரத்தின்படி முனைகள் இப்படி அமையும்: முதலாவது இடப்பக்கச் சிக்னல், இரண்டாவது பனிமூட்ட விளக்கு, மூன்றாவது பூமி இணைப்பு, நான்காவது வலப்பக்கச் சிக்னல், ஐந்தாவது வலப்பக்கப் பின்விளக்கு, ஆறாவது பிறேக் விளக்கு, ஏழாவது இடப்பக்கப் பின்விளக்கு. வெளிநாட்டிலிருந்து வந்த கரவன்களில் காணப்படும் பதின்மூன்று முனைப் பிளக்கிலோ, 9ஆம் முனை நிரந்தர மின்சாரத்துக்கும் 10ஆம் முனை சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரத்துக்கும் உரியவை. அவற்றின் பூமி இணைப்புகள் முறையே 13ஆம், 11ஆம் முனைகளாகும். ஆனால் இங்கே ஓடும் ட்ரெயிலர்கள் பல கைகள் மாறி, பல இடங்களில் வயர் மாற்றப்பட்டவை. வயரின் நிறத்தையோ முனையின் எண்ணையோ நம்பாமல், ஒவ்வொன்றையும் மல்ரிமீற்றர் என்னும் மின்னளவு மீற்றரால் சோதித்து உறுதிசெய்யுங்கள்.

கருகியது மூன்றாம் முனையாக இருந்தால், கோளாறு பூமி இணைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு விளக்குக்கும் போகும் மின்சாரம் தனித்தனி முனை வழியாகப் போனாலும், திரும்பி வரும்போது எல்லாம் சேர்ந்து அந்த ஒரு முனை வழியாகவே வர வேண்டியிருக்கிறது. குளிர்பெட்டியின் மின்சாரமும் அதில் சேர்ந்தால் அது தாங்காது. பிறேக்கை மிதிக்கும்போது சிக்னல் விளக்கு மங்கலாக எரிவதும், சிக்னல் போட்டால் பின்விளக்குகள் துடிப்பதும் பூமி இணைப்புக் கெட்டதற்கான அடையாளங்கள். ட்ரெயிலரைக் கொழுவும் இணைப்புக் குண்டு வழியாகக் கொஞ்சம் மின்சாரம் திரும்புவதால் சில நாட்களுக்கு விளக்குகள் எரியக்கூடும். கிறீஸ் பூசிய அந்தக் குண்டைப் பூமி இணைப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

வயர் மாற்றியவர்கள் குளிர்பெட்டிக்கென ஒதுக்கிய முனை மட்டும் கருகியிருந்தால், அந்த முனையின் திருகு தளர்ந்திருக்கலாம், களிம்பேறியிருக்கலாம், அல்லது அதன் தகுதிக்கு மீறிய மின்சாரம் ஓடியிருக்கலாம். எது என்பதை அடுத்த படி காட்டும்.

3. சுமையோடு அளத்தல்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தவிர்க்கிறார்கள். வேலை வீணாவதும் இதனால்தான். குளிர்பெட்டியை நிறுத்திவிட்டு மீற்றரை வைத்தால் எல்லா இடத்திலும் 12 வோல்றுக்கு மேல் காட்டும், வயரில் குறையே இல்லாததுபோலத் தோன்றும். மின்சாரம் ஓடும்போதுதான் கெட்ட இணைப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கணக்கு எளிதானது. 120 வாற் குளிர்பெட்டி 12 வோல்றில் 10 ஆம்பியர் இழுக்கும். இணைப்பில் 0.05 ஓம் மட்டுமே தடை இருந்தால் அங்கே 0.5 வோல்ற் இழக்கப்பட்டு, 5 வாற் வெப்பம் உண்டாகும். ஒரு சிறு பித்தளை முனைக்குள் மணிக்கணக்காக 5 வாற் வெப்பம் தேங்கினால் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் இளகாமல் என்ன செய்யும்? மின்சாரம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பியூஸ் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இணைப்பு கெட்டால் ஓடும் மின்சாரம் பியூஸை எரிக்கும் அளவுக்குக் கூடுவதில்லை, பெரும்பாலும் சிறிது குறையவே செய்யும். ஆகவே பியூஸுக்கு ஒன்றும் தெரியாது. பியூஸ் வயரைக் காக்குமேயன்றி, தளர்ந்த திருகைக் காக்காது.

அளக்கும் முறை இது. பழுதான நிலையிலாவது பொருத்தக்கூடிய பிளக் இருக்க வேண்டும். பழையது முற்றாக உருகிவிட்டால் தற்காலிகமாக வேறொன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். பற்றரி முனைகளை மீண்டும் மாட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு, குளிர்பெட்டியையும் எல்லா விளக்குகளையும் போடுங்கள். வாகனத்தை வெளியிடத்தில் நிறுத்தி, கைபிறேக்கைப் போட்டு, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். மீற்றரை 20 வோல்ற் நேரோட்ட (DC) அளவில் வைத்து, முதலில் வாகனப் பற்றரியின் இரு முனைகளிலும், பின்னர் குளிர்பெட்டியின் இரு முனைகளிலும் அளவுங்கள். பற்றரியில் 13.8 வோல்றும் குளிர்பெட்டியில் 11.5 வோல்றும் இருந்தால், வழியில் 2.3 வோல்ற் தொலைகிறது. சூடாக்கியால் இயங்கும் காஸ் வகைக் குளிர்பெட்டிக்கு இந்த இழப்பால் ஏறத்தாழ முப்பது சதவீத வலு குறையும். அது இரவு முழுவதும் ஓடினாலும் மீன் குளிராது. கொம்பிரசர் வகையோ, வோல்ற் குறையக் குறைய அதிக ஆம்பியரை இழுத்துப் பிளக்கை மேலும் சூடாக்கும்.

இழப்பு எங்கே என்று அறிய, மீற்றரின் ஒரு ஊசியை, பிளக் செருகப்படும் வாகனப் பக்கத்துச் சொக்கெற்றின் பின்புறத்துத் திருகிலும் மற்றதைப் பிளக்கின் பின்புறத்து அதே முனையின் திருகிலும் வையுங்கள். 0.1 வோல்றுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைச் சந்தேகியுங்கள். அதேபோல் வாகனப் பற்றரியின் மறை முனையிலிருந்து சொக்கெற்றின் பூமித் திருகு வரையும், பிளக்கின் பூமித் திருகிலிருந்து குளிர்பெட்டியின் மறை முனை வரையும் அளவுங்கள். ஊசிகள் பக்கத்து முனையில் பட்டால் பொறி பறக்கும், அவசரப்பட வேண்டாம். அளவுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வயரிங் செய்பவரிடம் பேசும்போது அந்தத் தாள்தான் உங்கள் பக்கப் பேச்சு.

4. பிளக்கையும் சொக்கெற்றையும் சேர்த்தே மாற்றுதல்

கருகியது ஒரு பக்கம் மட்டுமே என்றாலும் இரண்டு பக்கத்தையும் மாற்றுங்கள். சூடேறிய பித்தளை தன் இறுக்கத்தை இழந்துவிடும். அதற்குள் புதிய முனையைச் செருகினால், தளர்ந்த பிடியில் புதியதும் சூடேறும். இங்கே சிக்கனம் பார்ப்பது பயனற்றது. நடுவே பிளவுள்ள முனைகளைக் கத்தி நுனியால் மெல்ல அகட்டி இறுக்கம் கூட்டும் வழக்கம் உண்டு. அது சூடேறாத முனைக்கு உதவும், நிறம் மாறிய முனைக்கு உதவாது.

வயர் முனையை உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தாலோ பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலோ, பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். கல்லடி, பாசிக்குடா, பொத்துவில் போன்ற கடலோரங்களில் நிற்கும் ட்ரெயிலர்களில் உப்புக்காற்று உறைக்குள்ளே நீண்ட தூரம் ஏறியிருக்கும். வெட்டி வெட்டி வயர் போதாமல் போனால், ஒட்டுப் போடுவதைவிட வயர் முழுவதையும் மாற்றுவதே நல்லது.

திருகுக்குள் செல்லும் வயர் முனைக்கு ஈயம் பற்றவைக்க வேண்டாம் என்று சொன்னால், வயரிங் செய்பவர்கள் சிலர் உங்களை விநோதமாகப் பார்ப்பார்கள். ஆனால் திருகின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கி இடம் கொடுக்கும். திருகு தளரும், சூடு திரும்பி வரும். மென்கம்பி வயரின் நுனியில் சிறு செம்புக் குழாயை மாட்டி, அதற்குரிய குறட்டால் அழுத்திய பிறகு திருகுக்குள் செலுத்துவதே சரியான முறை. சாதாரண குறட்டால் நசுக்கியது ஒருமுறை இழுத்தாலே கழன்று வரும். எனவே ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

சொக்கெற்றைப் பொருத்தும்போது தண்ணீர் வடியும் துவாரம் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். பின்புறத்தை சிலிக்கன் பசையால் முழுவதும் அடைப்பது ஒரு பரவலான தவறு. உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றித் தங்கி, களிம்பை வளர்க்கும். முனைகளில் வாஸ்லினை மெல்லிதாகப் பூசினால் போதும். முனைகளை உப்புத்தாளால் தேய்ப்பதும் வேண்டாம்; மேற்பூச்சு போய்விட்டால் பித்தளை இன்னும் விரைவாகக் கறுக்கும்.

5. வயரின் தடிப்பு

வாகனப் பற்றரியிலிருந்து குளிர்பெட்டி வரை 7 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போகவும் வரவும் வேண்டும் என்பதால் வயரின் நீளம் 14 மீற்றர். 10 ஆம்பியர் ஓடும்போது 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் ஏறத்தாழ 1.6 வோல்றும், 2.5 இல் 1 வோல்றும், 4 இல் 0.6 வோல்றும், 6 இல் 0.4 வோல்றும் இழக்கப்படும். என் அபிப்பிராயத்தில் குளிர்பெட்டிக்கு 4க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். ட்ரெயிலருக்குள் பற்றரியும் இருந்தால் 6 வாங்குங்கள்.

கடையில் கவனிக்க வேண்டிய பொறிகள் மூன்று. முதலாவது, வீட்டு வயரிங் கம்பி. ஹார்ட்வெயார் கடைகளில் 7/0.67 என்று கேட்பது 2.5 சதுர மில்லிமீற்றர், 7/0.85 என்பது 4, 7/1.04 என்பது 6. அளவு சரிதான், ஆனால் ஏழு தடித்த இழைகளாலான அந்த வயர், குலுங்கி ஓடும் வாகனத்தில் வளைவுகளில் முறியும். நுண்ணிழைகள் பலவுள்ள நெகிழ்வான வயரைக் கேளுங்கள். இரண்டாவது, உறையோடு சேர்த்து அளந்த விட்டத்தை வயரின் அளவாகச் சொல்லி விற்பது. செம்பின் குறுக்குவெட்டு எத்தனை சதுர மில்லிமீற்றர் என்றே கேட்க வேண்டும். மூன்றாவது, செம்புப் பூச்சுள்ள அலுமினிய வயர். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதன் தடை செம்பினதைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம், உப்புக்காற்றிலும் விரைவாக அழியும்.

6. குளிர்பெட்டிக்கும் பற்றரிக்கும் தனிவழி அமைத்தல்

விளக்குகளுக்கான ஏழு முனைப் பிளக்கின் வழியாகக் குளிர்பெட்டியையும் பற்றரியையும் நடத்துவதே பிரச்சினையின் வேர் என்பது என் முடிவு. 21 வாற் குமிழ்களால் ஆன பிறேக் விளக்கு இரண்டும் ஒரு சிக்னலும் சேர்ந்தால் ஐந்து ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். பிளக் அதைச் சுகமாகத் தாங்கும். குளிர்பெட்டி வந்து சேரும்போது பூமி முனைக்கு அது மூன்று மடங்கு சுமை. இறங்கிப்போன ட்ரெயிலர் பற்றரி அதனோடு இணைந்தால், முதல் சில நிமிடங்களில் 30 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். இரவு முழுவதும் விளக்கும் மின்விசிறியும் ஓடவிட்டு, காலையில் பிளக்கை மாட்டிக்கொண்டு புறப்படுகிறவர்களின் பிளக் உருகுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே 50 ஆம்பியர் தாங்கும் அண்டர்சன் வகைத் தட்டை இணைப்பான் ஒன்றை இழுவைக் கொக்கியருகே தனியாகப் பொருத்தி, 6 சதுர மில்லிமீற்றர் வயர் இரண்டை, நேர் ஒன்றும் மறை ஒன்றுமாக, வாகனப் பற்றரியிலிருந்தே கொண்டுவாருங்கள். மறை வயரை வாகனத்தின் சட்டத்தில் பூட்டிவிட்டு, நேர் வயரை மட்டும் இழுப்பது பாதி வேலை.

பியூஸ் பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 6 சதுர மில்லிமீற்றர் வயருக்கு 40 ஆம்பியர் போதும். ட்ரெயிலரில் பற்றரி இருந்தால் அந்த முனையிலும் இன்னொரு பியூஸ் கட்டாயம், ஏனெனில் வயர் நடுவில் நசுங்கினால் மின்சாரம் இரண்டு பக்கத்திலிருந்தும் பாயும். பியூஸ் போகிறது என்பதற்காக அதைவிடப் பெரியதைப் போடுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இயந்திரம் ஓடும்போது மட்டும் இணைப்புத் தரும் ரிலே ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் சந்தையில் நிறுத்திவைத்த நேரத்தில் குளிர்பெட்டி வாகனப் பற்றரியை உறிஞ்சிவிடும், மாலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ட்ரெயிலர் பற்றரியை முழுமையாகச் சார்ஜ் செய்ய விரும்புவோர், வோல்றை உயர்த்தி ஆம்பியரையும் கட்டுப்படுத்தும் நேரோட்ட (DC-DC) சார்ஜரைப் பொருத்தலாம்; விலை கூடியது, ஆனால் இறங்கிய பற்றரியின் முதல் இழுவையை அதுவே தடுக்கும். 1000 வாற் இன்வேற்றரை இந்த இணைப்பான் வழியாக ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 12 வோல்றில் அது 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ட்ரெயிலர் பற்றரியருகே குட்டை வயரில் மட்டுமே பொருத்த வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: எல்ஃப், கன்ரர் போன்ற சிறு லொறிகளில் பல 24 வோல்றில் ஓடுபவை. கெப் பழுதான நாளில் உறவினரின் லொறியில் ட்ரெயிலரை மாட்டுவதற்கு முன், அதன் பற்றரி வோல்றை அளவுங்கள். விளக்குகள் எரிந்து போவது சிறிய நட்டமாகவே இருக்கும்.

7. செலவு, நேரம், ஆவணங்கள்

பிளக்கும் சொக்கெற்றும் மிகக் குறைந்த செலவு. பணத்தில் பெரும்பங்கு செம்புக்கே போகும். விலை கேட்கும்போது ஒரு மீற்றர் விலையை 14ஆல் பெருக்கிப் பாருங்கள், 7ஆல் அல்ல. கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் குறைந்தது இரண்டு கடைகளில் கேட்டு வாங்குங்கள். பொருட்களை நீங்களே வாங்கிக்கொண்டு, வேலைக்கு மொத்தக் கூலி பேசுவது நல்லது. பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிளக், சொக்கெற் மாற்றுவது மட்டுமானால் அரைநாளுக்குள் முடியும். பற்றரியிலிருந்து புதிய வயர் இழுத்து, நெளிகுழாயில் இட்டு, ரிலேயும் பொருத்துவதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த கிழமைகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டிகளைத் தயார்செய்வதால் கராஜ்களில் இடம் கிடைப்பது அரிது. மாசி, பங்குனி மாதங்களில் செய்வதே சிறந்தது.

ஆவணங்களைப் பொறுத்தவரை, வாகனத்தின் பதிவுச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியவற்றைப் போலவே ட்ரெயிலருக்குரியவற்றையும் சரிபார்த்து, பிரதிகளை வண்டியில் வையுங்கள். மின்வேலை தொடங்கும் முன் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, அவர்களின் பதிலைக் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன "பிரச்சினையில்லை" என்ற வார்த்தை தீ விபத்துக்குப் பின் நிற்காது. பற்றுச்சீட்டுகள், உருகிய பிளக்கின் படங்கள், புதிய வயரின் படங்கள் ஆகியவற்றை ஒரே கோவையில் இடுங்கள். எந்த வயர் எங்கே போகிறது, எந்தப் பியூஸ் எத்தனை ஆம்பியர் என்பதைக் கையால் வரைந்து, ட்ரெயிலர் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். இரவில் திருக்கோவில் வீதியில் விளக்கு அணைந்தால் முதலில் தேடப்படுவது அந்தத் தாள்தான்.

8. ஓட்டிப் பார்த்தலும் பின்னரான கவனிப்பும்

வேலை முடிந்ததும் பணத்தை முழுவதும் கொடுப்பதற்கு முன், குளிர்பெட்டியை ஓடவிட்டு அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓட்டிப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிகுடி வரை போனால் போதும். நிறுத்தியவுடன் இணைப்பைக் கையால் தொடுங்கள். இளஞ்சூடு இயல்பானது. கையை வைத்திருக்க முடியாவிட்டால் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸைத் தொட்டிருக்கிறது, மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். நண்பகல் வெயிலில் கறுப்புப் பிளாஸ்ரிக் தானாகவே சூடாகும் என்பதால், இந்தச் சோதனையைக் காலையில் செய்யுங்கள், அல்லது பக்கத்திலுள்ள பம்பரின் சூட்டோடு ஒப்பிடுங்கள். கொவிட் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அது பெரும்பாலும் உடல் வெப்ப எல்லைக்குள் மட்டுமே காட்டும். அதன் பிறகு மீற்றரால் பழைய இடங்களிலேயே மீண்டும் அளந்து, முதலில் எழுதிய தாளின் பக்கத்தில் புதிய அளவுகளையும் எழுதுங்கள்.

முதல் நெடும் பயணத்துக்குப் பிறகு எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். புதிய வயர் படிந்து சற்றுத் தளர்வது இயல்பு. கடலோரத்தில் நிற்கும் நாட்களில் பிளக்கைக் கழற்றி உறைக்குள் வையுங்கள், தரையில் தொங்கவிடாதீர்கள். வாடைமழைக் காலத்தில் ட்ரெயிலர் மாதக்கணக்காக நிற்குமானால், கார்த்திகை தொடங்குவதற்கு முன் முனைகளைத் துணியால் துடைத்து வாஸ்லின் பூசி, மாசியில் மீண்டும் திறந்து பார்த்துவிட்டு மாட்டுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய சொக்கெற்றை நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்தி ஓட்டும் பழக்கம் இங்கே உண்டு. விளக்குகளுக்கு அது சில நாட்கள் உதவும், ஆனால் குளிர்பெட்டியை மாட்டுவதற்கு முன் அந்தச் சொக்கெற்றை மாற்றியே ஆக வேண்டும்.